குழந்தைகள் அறைக்கு இரண்டடித் தொட்டி

பிள்ளைகளுக்கு மீன் தொட்டி வாங்க வரும் பெற்றோர் முதலில் இரண்டு கைகளையும் ஒரு சாண் இடைவெளியில் வைத்துக் காட்டுவார்கள். "இவ்ளோ சின்னதா இருந்தா போதும்ணே. பசங்க ரூம்ல டேபிள் மேல வைக்கணும். இப்பத்தான் ஆரம்பிக்கிறாங்க." கொளத்தூரில் கண்ணாடி ஒட்டி, தொட்டி விற்று, வீடுகளுக்குப் போய்ச் சுத்தம் செய்து கொடுத்துப் பிழைக்கிற எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். சைக்கிள் பழகும் பிள்ளைக்குச் சின்ன சைக்கிள் வாங்கித் தருகிறோம், மீன் வளர்க்கப் பழகும் பிள்ளைக்குச் சின்ன தொட்டி என்பது அவர்களுக்கு நியாயமாகப் படுகிறது.

மீன் தொட்டியில் கணக்கு தலைகீழ். தொட்டி எவ்வளவு சின்னதோ அதை நடத்துவது அவ்வளவு கஷ்டம். ஐந்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் மீனை உயிரோடு வைத்திருப்பது, பல வருடம் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே தினசரி வேலை. அதைத்தான் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். பத்து நாளில் மீன் மிதக்கிறது. வேறு மீன் வாங்கிப் போகிறார்கள், அதுவும் மிதக்கிறது. அதன் பிறகு கிண்ணம் பரணுக்குப் போய்விடுகிறது. மீன் தங்கள் வீட்டுக்கு ராசியில்லை என்று முடிவு கட்டிய குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் குறை ராசியில் இல்லை, தண்ணீரின் அளவில் இருந்தது.

மீன் தின்பதும் கழிவதும் மூச்சு விடுவதும் ஒரே தண்ணீருக்குள். கழிவிலிருந்து மட்டுமல்ல, செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியே வருகிறது. ஐந்து லிட்டரில் விழும் அம்மோனியாவும் ஐம்பது லிட்டரில் விழும் அம்மோனியாவும் ஒரே அளவுதான், ஆனால் பெரிய தொட்டியில் அதன் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு. நம்மூர் சூடும் போர் தண்ணீரும் இதை இன்னும் மோசமாக்குகின்றன. சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீரின் பி.எச். 8-ஐத் தொடும், கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறும்போது, அதே அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சூடு ஏறினால் அந்தப் பங்கு மேலும் ஏறும். கூடவே ஆக்ஸிஜனும் குறையும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும் என்றால், 30 டிகிரியில் அது ஏழரையாகிவிடும். கிண்ணத்தை வாய்வரை நிரப்பினால் காற்று படுகிற மேற்பரப்பும் சுருங்கிப்போகிறது. மதியம் காலியான வீட்டில், மூடிய அறையில், ஐந்து லிட்டர் தண்ணீருக்குள் ஒரு மீன் என்ன பாடு படும் என்பதை இந்த எண்களை வைத்தே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் நான் சொல்லும் தொடக்க அளவு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை 54 லிட்டர். இரண்டு அங்குலம் குறைத்து நிரப்பினால் 45 லிட்டர் நிற்கும். இடமே இல்லை என்பவர்களுக்கு ஒன்றரை அடி. அதற்குக் கீழே குழந்தைகள் அறைக்குத் தொட்டி வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். ஓரடித் தொட்டிக்கும் இரண்டடித் தொட்டிக்கும் விலையில் உள்ள வித்தியாசம், மூன்று முறை மீன் செத்து மூன்று முறை வாங்கும் செலவுக்கு முன்னால் பெரிதில்லை. உயரமான தொட்டி கேட்பவர்களும் உண்டு. அலமாரி இடுக்கில் அழகாக நிற்கும் என்பார்கள். மீன் நீந்துவது பக்கவாட்டில், காற்று இறங்குவது மேற்பரப்பு வழியாக. அதே லிட்டரில் நீளமும் அகலமும் உள்ள தொட்டியே மீனுக்கு வீடு. பிள்ளையின் கை அடிவரை எட்டுவதும் அதில்தான்.

தொட்டியை வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கண்ணாடி ஒட்டுகிறவனாகவும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு காலத்தில் மீனும் பறவையும் வாங்க எல்லோரும் மூர் மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள். அது 1985-ல் எரிந்தது. இன்று வண்ண மீன் என்றால் கொளத்தூர் என்கிற அளவுக்கு இங்கே தெருத்தெருவாகக் கடைகள். மீன் குஞ்சு எடுப்பவர், தொட்டி ஒட்டுபவர், மோட்டார் விற்பவர், தீனி விற்பவர் என்று இந்தத் தொழிலை நம்பி நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் மீனைத் தொடவிடும் முன் கண்ணாடியைத்தான் தொடவிட்டார். இரண்டடித் தொட்டிக்கு 5 மி.மீ. கண்ணாடி வேண்டும். வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பாலிஷ் போடாத விளிம்பு பிள்ளையின் கையைக் கிழிக்கும். மூலையில் ஓடும் சிலிகான் கோட்டைக் குனிந்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் காற்றுக் குமிழ் இருந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். குளியலறைக்கு விற்கும் பூஞ்சை பிடிக்காத சிலிகான் மீன் தொட்டிக்கு ஆகாது. அதிலிருக்கும் மருந்து மீனுக்கு விஷம். நல்ல சிலிகான் காயும்போது வினிகர் வாசனை அடிக்கும். ஒட்டி இரண்டு நாளாவது காயவிட்டு, நிரப்பி ஒரு நாள் வைத்துக் கசிவு பார்த்த பிறகே தொட்டி வீட்டுக்குப் போக வேண்டும். இன்றைக்கு ஒட்டி இன்றைக்கே கொடுங்கள் என்று அவசரப்படுத்தினால் நான் கொடுப்பதில்லை.

இனி அறைக்குள் வருவோம். ஹாலில் வைக்கும் தொட்டிக்கும் குழந்தைகள் படுத்துறங்கும் அறையில் வைக்கும் தொட்டிக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கடையில் இதை யாரும் கேட்பதில்லை, அதனால் விற்பவர்களும் சொல்வதில்லை.

முதலில் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து இரண்டடித் தொட்டி 60 கிலோவைத் தொடும். சக்கரம் வைத்த படிப்பு மேசை, பிளாஸ்டிக் ஸ்டூல், துணி அலமாரியின் மேல்தட்டு எதுவும் இதைத் தாங்காது. இரும்பு ஸ்டாண்டு, அல்லது சுவரோடு சேர்த்து நிறுத்திய கனமான மர மேசை. தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் போட வேண்டும். மேசையில் மேடுபள்ளம் இருந்தால் அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்து அடிக்கண்ணாடி விரிசல் விடும். பிள்ளை ஏறி நின்று எட்டிப்பார்க்கிற உயரத்தில் வைக்காதீர்கள். தரையில் நின்றபடியே முகத்துக்கு நேராக மீன் தெரிய வேண்டும். உயரத்தில் வைத்தால் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறும், தொட்டி விளிம்பைப் பிடிக்கும். பிள்ளையின் எடை மொத்தமும் தொட்டியில் விழும். கட்டிலில் குதித்து விளையாடுகிற பிள்ளைகள் என்றால் கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும்.

மூடி கட்டாயம். கப்பியும் ஃபைட்டரும் துள்ளி வெளியே விழும். மேலிருந்து பல்லியும் உள்ளே விழும். பிள்ளையின் பென்சில், பொம்மைக் கார், கிரேயான் இவற்றுக்கும் மூடிதான் காவல்.

வயரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. பிளக் பாயின்ட்டுக்குப் போகும் வயர் முதலில் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலே ஏறி பிளக்கைத் தொட வேண்டும். வயரைப் பிடித்து வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. கையைத் தண்ணீருக்குள் விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்து பிளக்கைப் பிடுங்குவது பெரியவர் வேலை. வீட்டில் கசிவு மின்சாரம் கண்டால் விழுந்துவிடும் பிரேக்கர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏர் மோட்டார் இரவு முழுக்க ஓட வேண்டும், பிள்ளையும் இரவு முழுக்கத் தூங்க வேண்டும். மலிவான மோட்டாரின் அதிர்வு மேசையில் இறங்கினால் அறையே ரீங்கரிக்கும். ஸ்பாஞ்ச் துண்டின் மேல் வைத்தாலோ ஆணியில் தொங்கவிட்டாலோ பாதிச் சத்தம் போய்விடும். மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போகிற நேரத்தில் தண்ணீர் டியூப் வழியே பின்னோக்கி வந்து மோட்டாருக்குள்ளும் தரையிலும் கொட்டும். டியூபின் நடுவே போடுகிற ஒருவழி வால்வு சின்னப் பொருள்தான், கேட்டு வாங்குங்கள்.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் எரிந்தால் போதும். மீனுக்கு இமை கிடையாது, இருட்டுதான் அதற்கு ஓய்வு. சில வீடுகளில் பிள்ளைக்கு இருட்டு பயம் என்று தொட்டி விளக்கையே இரவு விளக்காக்கிவிடுகிறார்கள். மீன் சோர்ந்துபோகும், கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும். இரவு விளக்கு வேறு வாங்குங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் கூடாது. தண்ணீர் பச்சையாகிவிடும்.

ஏ.சி. ஓடும் அறை என்றால், பகலில் 30 டிகிரியில் இருந்த தண்ணீர் விடிவதற்குள் 25-க்கு இறங்கும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் மீன் உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப்புள்ளி வரும், ஒயிட் ஸ்பாட் என்கிற நோய். 45 லிட்டர் தண்ணீர் மெதுவாகக் குளிரும், கிண்ணம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பெரிய தொட்டி கேட்பதற்கு இது இன்னொரு காரணம். ஏ.சி. அறைக்கு 50 வாட் ஹீட்டர் ஒன்றை 27 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம். சென்னையில் எதற்கு ஹீட்டர் என்று சிரிப்பார்கள். ஏ.சி. இல்லாத அறைக்கு அது தேவையில்லைதான்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது கொசு லிக்விடுக்கு. குழந்தைகள் படுக்கும் அறையில் அது இல்லாத வீடு சென்னையில் அபூர்வம். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் எப்போதும் ஏதாவது மீன் செத்துக்கொண்டே இருந்தது. தண்ணீரைச் சோதித்தேன், குறை தெரியவில்லை. தீனியை மாற்றினார்கள், ஃபில்டரையும் மாற்றினார்கள். ஒரு நாள் சாயங்காலம் போனபோது ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு ஓட்டையில் கொசு லிக்விட் மிஷின், அடுத்த ஓட்டையில் ஏர் மோட்டார். கொசு மருந்தில் இருப்பது பைரித்ராய்டு வகை. மனிதருக்கு அதன் பாதிப்பு குறைவு என்றாலும் மீனுக்கு அது கடும் விஷம். ஏர் மோட்டார் அறைக்காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மருந்து கலந்த காற்றை ராத்திரி முழுக்க மீனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டாரை ஹாலுக்கு மாற்றி நீள டியூப் இழுத்தோம், ஜன்னலுக்கு வலை அடித்தார்கள், லிக்விடை நிறுத்தினார்கள். மீன் சாவது நின்றது. அன்றிலிருந்து அறைக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது பிளக் பாயின்ட்டைத்தான். காயில், ஸ்ப்ரே, கரப்பான் மருந்து எல்லாமே இதில் சேரும். வலையும் கொசுவலையும் சாத்தியப்படாத வீடு என்றால் தொட்டியைக் குழந்தைகள் அறையில் வைக்காமல் ஹாலில் வையுங்கள். அது மீனுக்கும் நல்லது, பார்க்கிற வீட்டாருக்கும் நல்லது.

தண்ணீருக்கு வருகிறேன். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலத் திறந்த டிரம்மில் ஒரு நாள் நிறுத்தினால் போய்விடும், அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டுகள் உண்டு. போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் என்பதால் பலர் பாசத்தில் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றிவிடுகிறார்கள். நமக்கு நல்லது மீனுக்கும் நல்லது என்று நினைப்பு. ஆர்.ஓ. தண்ணீரில் மீன் உடம்புக்கு வேண்டிய தாது உப்புகளும் வடிகட்டப்பட்டிருக்கும். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரை விரும்பும் மீன்கள். நம்மூர் போர் தண்ணீரோடு அவை நன்றாக ஒத்துப்போகும். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான, புளிப்பான தண்ணீரைச் சேர்ந்தது. நீலமும் சிவப்புமாக மின்னுகிறது என்று பிள்ளை அதைத்தான் காட்டும். முதல் தொட்டிக்கு அது வேண்டாம்.

மீனைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளையின் ஆசையோடு அப்பாவின் வாஸ்துவும் வந்து நிற்கும். எட்டு கோல்ட் ஃபிஷ்ஷும் ஒரு கறுப்பு மீனும் சேர்த்து ஒன்பது வைத்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்வதில்லை. ஆனால் கோல்ட் ஃபிஷ் கெண்டை இனத்து மீன். ஒழுங்காக வளர்ந்தால் ஆறு அங்குலத்தைத் தாண்டும், பத்து வருடத்துக்கு மேல் வாழும், மற்ற மீன்களைவிட நிறையக் கழியும். இரண்டடித் தொட்டியில் ஒன்பது கோல்ட் ஃபிஷ் போட்டால் ஒன்பதும் சாகும். எந்தச் சாஸ்திரமும் அதை நன்மையென்று சொல்லாது என்று பணிவாகச் சொல்வேன். பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

சக்கர் மீனைக் கேட்காத ஆளே கிடையாது. கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும், நமக்கு வேலை மிச்சம் என்பது எண்ணம். விரல் நீளத்தில் வாங்கும் சக்கர் ஓரடிக்கு மேல் வளரும், தானும் ஏராளமாகக் கழியும். வளர்ந்ததும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இன்று தமிழ்நாட்டின் பல ஏரி குளங்களில் பெருகி, வலையைக் கிழித்து, நம் நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மீனவர்கள் அதைக் கரையில் எறிந்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது, எங்கள் தொழிலிலிருந்துதான் அது அங்கே போனது என்பது எனக்கு வலிக்கிறது. சாயம் ஏற்றிய மீன்களும் அப்படித்தான். இயல்பில் இல்லாத ரோஸும் பச்சையும் உடம்பில் ஏற்றி விற்கிறார்கள். அந்த நிறம் சில மாதங்களில் மங்கும், மீனும் பலவீனமாகிவிடும். பிள்ளைக்கு அந்த நிறம் பிடிக்கும்தான். அது எப்படி வந்தது என்று சொன்னால் பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிடும்.

என் கணக்கில் முதல் தொட்டிக்கு ஏற்ற மீன் ஆண் கப்பி ஆறு. ஆண்கள் மட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு முறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைத்து, ஆணே இல்லாமலும் தொடர்ந்து போடும். குட்டி பிறப்பதைப் பார்க்கும் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் மூன்று மாதத்தில் தொட்டி நெரிசலாகிவிடும். பிறப்பையும் பார்க்கட்டும் என்று விரும்பும் பெற்றோர், குட்டிகளை எங்கே கொடுப்பது என்று முதலிலேயே ஒரு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாட்டியும் நல்ல மீன். ஜீப்ரா இன்னும் தெம்பான மீன், ஆறு ஏழாகக் கூட்டமாக ஓடும். நம் நாட்டு நீரோடைகளைச் சேர்ந்தது என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

ஒரே ஒரு மீன், அதுவும் பெயர் வைத்துக் கூப்பிட ஒரு மீன் வேண்டும் என்கிற பிள்ளைக்கு ஃபைட்டர். தாய்லாந்து நாடு 2019-ல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் அது. நேராகக் காற்றை மூச்சிழுக்கும் உறுப்பு அதற்கு இருக்கிறது. கடைகளில் அதைக் கண்ணாடி டம்ளரில் வைத்து விற்க முடிவது அதனால்தான். சாகாமல் இருக்கிறது என்பதற்காக டம்ளர் அதன் வீடாகிவிடாது. ஒன்றரை அடித் தொட்டியில், கொஞ்சம் செடியோடு, ஃபில்டர் ஓட்டம் மெதுவாக வைத்து ஒரு ஃபைட்டரை விட்டுப் பாருங்கள். வாலை விரித்து உலாவும், பிள்ளை கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால் தானும் முன்னால் வரும்.

கலர் கல்லை விட ஆற்று மணலும் கூழாங்கல்லும் நல்லது. தொட்டியின் மூலையில் மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் நனையும்படி, இலை வெளியே இருக்கும்படி வையுங்கள். கழிவின் கடைசி வடிவமான நைட்ரேட்டை அது உறிஞ்சி வளரும். ஃபில்டர் என்று ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றே போதும். விலை குறைவு, குட்டியை இழுக்காது, கழுவ எளிது.

அந்த ஸ்பாஞ்சுக்குள்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது. அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா இரண்டும் அதில் குடியேற வேண்டும். அவை கடையில் வாங்கியதும் வந்துவிடுவதில்லை, மெதுவாகத்தான் பெருகும். புதுத் தொட்டியில் இதற்கு நான்கு வாரமாவது ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் கவரில் வாங்கிப் போகும் வீடுகளில், இந்தப் பாக்டீரியா இல்லாத தண்ணீரில் மீன் தன் கழிவிலேயே வெந்துபோகிறது. முதல் மாதச் சாவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

ஆகவே என் வாடிக்கையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தொட்டியை நிரப்பி, குளோரின் நீக்கி, ஃபில்டரை ஓட்டி, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியாவாகி பாக்டீரியாவுக்கு இரையாகும். ஓடிக்கொண்டிருக்கும் என் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து அந்த அழுக்குத் தண்ணீரைப் பாட்டிலில் கொடுப்பேன். அதை ஊற்றினால் காலம் பாதியாகக் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மூன்று மீன், இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. இந்தக் காத்திருப்பு பிள்ளைக்குப் பெரிய தண்டனை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படியில்லை. தெர்மாமீட்டரைப் படித்து நோட்டில் எழுதுவது, சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்ப்பது, கூழாங்கல்லை அடுக்கி மீனுக்கு ஒளியுமிடம் கட்டுவது எல்லாம் பிள்ளையின் வேலை. ஒரு சிறுமி நாள்தோறும் எழுதிய நோட்டைக் கடைக்கே கொண்டுவந்து, "அங்கிள், நேத்து நைட்ரைட் ஜீரோ ஆயிடுச்சு, இப்ப மீன் தருவீங்களா?" என்று கேட்டாள். அவள் மீனில் ஒன்றுகூட முதல் மாதத்தில் சாகவில்லை.

மீன் வந்த பிறகு பெரிய ஆபத்து தீனிதான். கோயில் குளத்தில் பொரி தூவி, மீன் மொய்ப்பதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். அதே பாசத்தோடு பிஸ்கட்டும் இட்லியும் பொரியும் தொட்டிக்குள் விழும். தின்னாத தீனி அழுகி அம்மோனியாவாகும். தீனி டப்பாவைப் பெரியவர் வைத்துக்கொண்டு, வாரத்துக்கான தீனியை மாத்திரை டப்பாவில் நாளுக்கு ஒரு கட்டமாகப் பிரித்துக் கொடுங்கள். பிள்ளை தினமும் ஒரு கட்டத்தைத் திறந்து போடட்டும். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போதும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், மீனுக்கு அன்று விரதம்.

வாரம் ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து ஒரு பக்கெட் ஊற்றினால் தொட்டி நன்றாக இருக்கும். மாதம் ஒரு முறை மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஸ்பாஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவிப் 'புத்தம் புதுசா' வைக்கும் வீடுகளுக்குத்தான் அதிகம் மீன் சாகிறது. குழாயடியில் கழுவிய ஸ்பாஞ்சில் பாக்டீரியா செத்துப்போய், தொட்டி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து எடுங்கள். அந்தத் தண்ணீர் மாடிச் செடிகளுக்கு நல்ல உரம். டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இழுப்பதைப் பிள்ளைக்கு மட்டும் பழக்கிவிடாதீர்கள். தொட்டித் தண்ணீரில் மனிதருக்கும் தொற்றும் கிருமிகள் இருக்கலாம். கையை விடும் முன் சோப்போ சானிடைசரோ இல்லாமல் கழுவிக்கொள்ள வேண்டும், எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தொட்டி பிள்ளையுடையது, பொறுப்பு பெற்றோருடையது. ஐந்து வயதுப் பிள்ளை தீனி போடும், பத்து வயதுப் பிள்ளை பக்கெட்டில் பாதியைத் தூக்கும், அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பரீட்சை வரும், காய்ச்சல் வரும், ஆசை குறையும் நாளும் வரும். அந்த நாட்களில் அம்மாவோ அப்பாவோ பக்கெட்டைத் தூக்கத் தயாராக இருக்கும் வீட்டுக்கு மட்டுமே தொட்டி போகட்டும். மீன் செத்தால் பிள்ளை தூங்கும்போது அதே நிறத்தில் வேறு மீனை வாங்கி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகள் வாலிலுள்ள ஒரு புள்ளியைக்கூடக் கவனித்து வைத்திருப்பார்கள். செத்தது என்று சொல்லி, தொட்டிச் செடியின் மண்ணில் சேர்ந்து புதையுங்கள்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு மீன் தொட்டி கொடுக்க நினைக்கிறீர்கள் என்றால், பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கடைக்கு வராதீர்கள். ஒரு மாதம் முன்னதாக வந்து இரண்டடித் தொட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்கிப் போங்கள், பிறந்தநாளன்று பிள்ளையை அழைத்து வந்து மீனைத் தேர்ந்தெடுங்கள். பிறகு என்றாவது வளர்க்க முடியாமல் போனால், மீனை ஏரியிலோ கிணற்றிலோ விடாமல் வாங்கிய கடைக்கே கொண்டுவாருங்கள். பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் மீனை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகள் கொளத்தூரில் இருக்கின்றன. எங்கள் கடையில் அதற்கென்றே ஒரு தொட்டி வைத்திருக்கிறோம்.